குணசுந்தரியின் வரப்பில் குந்திய பாறு

கவரைப்பேட்டையில் தக்காளி கிலோ நாற்பது ரூபாய்க்கு விற்ற ஆடி மாதத்தில், குணசுந்தரியின் வயல் வரப்பில் மின்கம்பத்தின் உயரமுள்ள பிணந்தின்னிப் பாறு ஒன்று வந்து உட்கார்ந்தது. அதே உயரமுள்ள ஒரு கடற்கழுகு பழவேற்காட்டுப் பக்கமிருந்து வந்து, அடுத்திருந்த சாயக் கம்பெனியின் தண்ணீர்த் தொட்டிமேல் இடம்பிடித்தது. ஊர் ஜனம் இரண்டையும் கருடன் என்று முடிவுகட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. பாறின் தலை மொட்டையாக இருந்ததற்கு, திருப்பதி போய்விட்டு வந்திருக்கிறது என்றார்கள்.

குணசுந்தரி மட்டும் கன்னத்தில் போட்டுக்கொள்ளவில்லை. கம்பெனிக் குழாய் அவள் நிலத்தில் ஊதா நிறத் தண்ணீரைக் கக்க ஆரம்பித்து இரண்டு போகம் ஆகிறது, நாற்று வேர்பிடிக்கவில்லை. குழாயை மூடச்சொல்லிக் கொடுத்த மனுக்கள் ஏதோ மேசையில் தூங்கின. பறவையே சாட்சிக்கு வந்திருக்கிறதென்று ஓடிப்போய் மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரி சரவணகுமாரை அழைத்துவந்தாள்.

“கழுகு உசுரோட கீறதப் புடிச்சித் துன்னும் சார். பாறு செத்ததத்தான் துன்னும். என் நெலம் சாவறதுக்குக் காத்துக்கினு கீது, பாருங்க.”

“ரெண்டும் கழுகுதான் சார். தண்ணி சுத்தமா இருக்கவேதான் வந்திருக்கு” என்றார் கம்பெனி மேனேஜர் ஜெகன்.

சரவணகுமாரின் குழு ஏணி வைத்து, மூன்று மாதம் அலகையும் இறக்கையையும் அளந்தது. கடைசியில் இரண்டுக்கும் எதிரே உயிருள்ள விரால் மீன்களை வாளியில் வைத்தார்கள். கழுகு வாளியோடு தூக்கிப்போனது. பாறு மீனைச் சீந்தவில்லை. குனிந்து வயலின் ஓரத்தைத் தோசைபோல் பிய்த்து விழுங்கியது. சரவணகுமார் அதைக் கண்ணாரப் பார்த்துவிட்டு எழுதினார்: ‘இரண்டும் கழுகே. ஒன்று சைவம்.’

கார்த்திகைக்குள் பாறு நிலம் முழுவதையும் தின்று முடித்தது. பட்டாவில் நிலம் இருந்தது, வரப்புக்குள் பள்ளம் இருந்தது. குணசுந்தரி அதன் ஓரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

தை பிறந்ததும் கழுகு பழவேற்காட்டுக்குத் திரும்பிவிட்டது. பாறு வரப்பில் அலகைத் துடைத்துக்கொண்டு பறந்துபோய், ஜெகனின் அறைக்கு நேர்மேலே கம்பெனிக் கூரையில் உட்கார்ந்தது. ஜெகன் பூரித்துப்போய்ச் சூடம் காட்டி, தொழிலாளர்களுக்கு லட்டு கொடுத்தார். கேட்டருகே நின்ற குணசுந்தரிக்கும் ஒன்று நீட்டினார்.

“இன்னாம்மா, இப்பவாவது ஒத்துக்கிறியா?”

அவள் அண்ணாந்து பார்த்தாள். பறவை பொறுமையாகக் காத்திருந்தது.

“கருடன்தான் சார்” என்றாள்.

அன்றுமுதல் தினமும் கூலி வேலைக்குப் போகிற வழியில் கேட்டருகே நின்று, அது கூரையை விட்டு நகரவில்லை என்று பார்த்துக்கொண்டு, பக்தியோடு கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறாள்.