கல்லாக நின்றவர்கள்

கூழாம்பட்டியின் நிலத்தடிக் கற்கள் தண்ணீரைச் சேர்த்துக்கொள்வதை நிறுத்தி மூன்று வருடங்கள் ஆகியிருந்தன. மழை பெய்யாமல் இல்லை. பெய்த மழை உருண்டை உருண்டையாகத் தரைமேல் ஓடி, பக்கத்து ஊர் எல்லையைத் தாண்டிய பிறகே மண்ணுக்குள் இறங்கியது. முக்கால்வாசிக் குடும்பங்கள் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டன. ஐப்பசிக்குள் கற்கள் மனம் மாறாவிட்டால் மழையைப் பக்கத்து ஊர் பெயருக்கே மாற்றிவிடுவதாக மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. கூடவே தில்லைநாயகி என்ற பொறியாளரும் வந்தாள். இதற்கு முன் இரண்டு ஊர்களின் மழை கைமாறியபோது கையெழுத்துப் போட்டவள் அவள்தான். மூன்றாவது கையெழுத்தைப் போட அவளுக்கு விருப்பமில்லை.

கிணற்றின் அடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து அதன்மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள். சொட்டு பரவாமல் மிளகுபோல உருண்டு நின்றது. கல்லை முகர்ந்தாள். கடலை எண்ணெய். சங்கரபாண்டியின் எண்ணெய் ஆலை நாற்பது வருடம் ஓடி மூடிய ஊர் அது. சிந்திய எண்ணெயெல்லாம் கீழே இறங்கி, கற்கள் அதற்குப் பழகியிருந்தன.

பூமிக்குள் போய்ப் பார்க்க வழியில்லாததால் பள்ளி மைதானத்தில் ஒரு மாதிரி அமைத்தாள். ஊரில் மிச்சமிருந்தவர்களில் ஒருவனைத் தவிர இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் உடம்பில் கடலை எண்ணெய் தடவிக்கொண்டு, ஆளுக்கொரு கல்லாக, கீழே கற்கள் கிடக்கும் அதே நெருக்கத்தில் நின்றார்கள். கிணறு இருக்கவேண்டிய இடத்தில் சுண்ணாம்பால் ஒரு வட்டம் போட்டார்கள். தண்ணீராக வேல்மயில் வந்தான். அவன் சங்கரபாண்டியின் தம்பி. ஆலையை மூடிவிடலாம் என்று சொன்ன நாளிலிருந்து அண்ணன் அவனோடு பேசுவதில்லை.

முதல் ஆளின் அருகில் போனதுமே வேல்மயில் உருண்டையாகச் சுருண்டுகொண்டான். பின்னாலிருந்து தள்ளியபோது அகலமான இடைவெளிகளில் கொஞ்சம் உருண்டான். குறுகிய சந்துகளில் நுழையவே இல்லை.

தில்லைநாயகி இரண்டு நாள் கணக்குப் போட்டாள். எல்லாக் கல்லும் மாறவேண்டியதில்லை. எழுபத்தொரு கற்கள் மாறினால் போதும். ஆனால் அவை ஒன்றையொன்று தொட்டபடி வட்டம்வரை போகவேண்டும். மேலே நிற்பவர் எண்ணெயைக் கழுவினால் கீழே அவருடைய கல்லும் மாறும். எழுபத்தோராவது கல் ஆலைக்கு நேர் கீழே இருந்தது. அதன் இடத்தில் நின்றவர் சங்கரபாண்டி.

வெள்ளிக்கிழமை எழுபது பேர் சீயக்காய் தேய்த்துக் குளித்துவிட்டு வந்து நின்றார்கள். வேல்மயிலின் உடம்பு தளர்ந்து விரிந்தது. யாரும் தள்ளவில்லை. மிகக் குறுகிய சந்துகள்தான் அவனை முதலில் உள்ளே இழுத்துக்கொண்டன. எழுபது பேரையும் கடந்து, அண்ணன் காலடியில் வந்து மறுபடி சுருண்டான்.

"நீங்களும் குளிச்சிட்டு வரலாமே" என்றாள் தில்லைநாயகி.

"நான் எண்ணெய்க்காரன், எஞ்சினியரம்மா. நானும் தண்ணிக்கு வழிவிட்டா, அப்படி ஒரு ஆலை இருந்ததுக்கு என்ன அடையாளம்?"

அவள் காகிதத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நூத்தி நாப்பத்தோரு கல்லு கடைசிவரைக்கும் எண்ணெயோடதான் இருக்கும். அதுல உங்க ஆலை இருக்கும். உங்க இடம் மட்டும்தான் எனக்கு வேணும்."

மைதானத்துக்கு மேலே மேகம் வந்து நின்று முடிவுக்காகக் காத்திருந்தது.

உருண்டைக்குள்ளிருந்து வேல்மயில் மெல்லச் சொன்னான்: "அண்ணே, முதுகு வலிக்குது."

சங்கரபாண்டி குனிந்து தம்பியைப் பார்த்தார். பிறகு சட்டையைக் கழற்றினார். "சீயக்காயைக் கொண்டாங்க. கண்ணுல படாம தேய்ங்க."

லாரியில் வந்த தண்ணீரில் சங்கரபாண்டி தலை அலசி முடித்ததும் வேல்மயில் அவருடைய விலாவோரமாக விரிந்து, வழுக்கி, வட்டத்துக்குள் போய் நிமிர்ந்து உட்கார்ந்தான். அப்போதே மழை பிடித்தது. ஒரு சொட்டும் உருளவில்லை. விழுந்த இடத்திலேயே இறங்கியது. தில்லைநாயகி காகிதங்கள் நனைவதைக் கவனிக்காமல் தரையில் காதை வைத்துக் கேட்டாள். கீழே எழுபத்தொரு கற்களும் குடித்துக்கொண்டிருந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை ஊர்க்கிணற்றில் தண்ணீர் மேல்படிவரை ஏறியது. தண்ணீரோடு ஒரு படகும் ஏறி வந்தது. அதில் ஒரு கணவன், மனைவி, இரண்டு ஆடுகள், ஒரு தையல் மெஷின்.

"தண்ணி வந்த ஊருன்னு வந்தோம். இங்க வாடகைக்கு வீடு கிடைக்குமா?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"வடக்குத் தெருவுல இருக்கு. ஆடு கட்ட இடம் இருக்கிற வீடா பார்ப்போம்" என்றாள் தில்லைநாயகி, தையல் மெஷினை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டே.