சுருதி நிற்க அரைமணி நேரம்

முகம்மது ரியாஸுக்குப் பழைய சிந்தசைசர் என்றால் போதும், சோறு தண்ணி வேண்டாம். திருத்தங்கலில் காகித வியாபாரம் பார்க்கிற மனுஷன். அச்சாபீஸ்காரர்கள் கீழே கடையில் காத்துக் கிடப்பார்கள். இவர் மாடியறையில், ஏதோ ஒரு கச்சேரிக் குழு கழித்துக் கட்டிய மிஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு, குமிழைத் திருகித் திருகி ஒரே சத்தத்தை ஒருமணி நேரம் கேட்டுக்கொண்டிருப்பார். புதுக் கீபோர்டு வாங்கினால் என்ன என்று யாராவது கேட்டுவிட்டால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"அதுல எல்லாச் சத்தத்தையும் அவனே அடைச்சு விக்கிறான். இதுலதான் நாமளா உண்டாக்கணும்" என்பார்.

மனைவி ஹஸ்னா தலையில் அடித்துக்கொள்வாள். ஏழு வயது மகள் சுமைரா மட்டும் எப்போதும் அத்தா கட்சி.

2006 தீபாவளி சீசனில் நாரணாபுரத்திலிருந்து தங்கப்பாண்டியன் போன் செய்தார். சின்னதாகப் பட்டாசுக் கம்பெனி நடத்துகிறவர். அவருடைய அண்ணன் மெல்லிசைக் குழுவில் வாசித்த சிந்தசைசர் ஒன்று கம்பெனியில் கிடக்கிறதாம். ஜப்பான் சரக்கு, எழுபத்தெட்டாம் வருஷத்தது. ரியாஸ் ஆறு வருஷமாக ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருந்த அதே மாடல்!

"வேன்ல ஏத்தி விடுறேன் பாய், நீங்களே வச்சுக்கோங்க. ஒண்ணு மட்டும் மறந்துறாதீக. பட்டாசு மருந்து சலிக்கிற ரூமுக்கு அடுத்த ரூம்ல பதினஞ்சு வருசமாக் கெடந்த சாமான். நாளைக்குச் சாயந்திரம் நம்ம ராமுத்தாய் வந்து ஈரச்சாக்கு வச்சுத் தொடச்சுக் குடுக்கும். அதுவரைக்கும் திறந்துறாதீக."

"ஆகட்டும், ஆகட்டும்" என்றார் ரியாஸ். அவருக்குக் காதில் எங்கே விழுந்தது? மாடல் பேரைக் கேட்டதோடு செவி அடைத்துப்போயிற்று.

அன்று ராத்திரியே வேனில் மிஷின் வந்து இறங்கியது. மறுநாள் மூன்று மணி வரை பொறுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. ஸ்க்ரூவைக் கழற்றி மேல்மூடியைத் தூக்கினால், உள்ளே கட்டைகளுக்கு அடியில், குமிழ்களின் இடுக்கில், மூலை முடுக்கெல்லாம் வெள்ளித்தூசி படிந்து கிடந்தது. அட, இந்தப் பக்கத்தில் வெள்ளித்தூசியைப் பார்த்து யார் பதறுகிறார்கள்? பஸ் சீட்டில் இருக்கும். பட்டாசுக் கம்பெனி விட்டு வருகிறவர்களின் தலைமுடியில் இருக்கும். கடைக்கு வரும் ரூபாய் நோட்டில் இருக்கும். நாற்பது வருஷமாக அதைத் தட்டிவிட்டே பழகிய கை அவருடையது. பெயின்ட் பிரஷ்ஷால் பொறுமையாகத் தள்ளித் தள்ளிச் செய்தித்தாளில் சேர்த்தார். இரண்டு கைப்பிடி தேறியது. இறுக்கிச் சுருட்டிப் பொட்டலமாகக் கட்டினார்.

"சுமைரா, இதைத் தெருமுனைக் குப்பையில போட்டுட்டு வாம்மா."

அவள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு குதித்து இறங்கினாள். வழியில் கூட்டாளிப் பிள்ளைகள் பாண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள், அங்கேயே நின்றுவிட்டாள்.

ரியாஸ் மிஷினைப் பெரிய ஸ்பீக்கரில் இணைத்து ஸ்விட்சைப் போட்டார். கட்டையை அழுத்தினார். அடிவயிற்றிலிருந்து வருகிற மாதிரி ஒரு கார்வை எழுந்தது. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தக் காலத்து மிஷின் சூடாகிச் சுருதி நிற்க அரைமணி நேரம் ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அதனால் அழுத்திய கட்டை எழும்பாதபடி காலண்டர் அட்டையை மடித்து அதன் இடுக்கில் செருகினார். சத்தம் நிற்காமல் ஓடியது. சத்தத்தைக் கூட்டினார், ஜன்னல் கம்பி அதிர்ந்தது, தெருவே அதிர்ந்தது. கீழேயிருந்து ஹஸ்னா கத்தியதுகூட அவருக்குக் கேட்கவில்லை.

ஐந்து மணிக்கு ராமுத்தாய் ஈரச்சாக்கும் வாளியுமாகப் படியேறி வந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். பன்னிரண்டு வருஷம் மருந்து சலித்தவள். திறந்து கிடந்த மிஷினையும் பிரஷ்ஷையும் பார்த்ததும் அவள் முகம் வெளுத்துவிட்டது.

ரியாஸ் ஸ்விட்சை அணைக்கக் கை நீட்டினார்.

"தொடாதீக!" அவர் காதருகே வந்து கத்தினாள். "அணைச்சா உள்ள பொறி தட்டும். அப்படியே விட்டுட்டு வெளிய வாங்க. அம்புட்டும் மருந்து பாய்! உள்ள கெடந்த தூசிய என்ன செஞ்சீக?"

"பொட்டலங் கட்டிப் புள்ளைட்ட குடுத்தேன். குப்பையில போட."

"எந்தக் குப்பையில?"

ரியாஸ் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். தெருமுனைக் குப்பைக்குத் தினமும் ஐந்து மணிக்குத் தீ வைப்பாள் தெருக் கூட்டுகிற வெள்ளைத்தாய். ஊருக்கே தெரிந்த விஷயம். அவருக்கும் தெரியும். பாவி மனுஷன், பிள்ளை கையில் கொடுக்கும்போது அது நினைவில் இல்லை.

செருப்புக்கூடப் போடாமல் இறங்கி ஓடினார். தெருமுனையில் புகை எழும்பிக்கொண்டிருந்தது. பாண்டி ஆட்டம் கலைந்து பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். சுமைரா ஒருத்தி மட்டும் நெருப்புக்கு நாலடி தள்ளி நின்றாள். பொட்டலம் இன்னும் அவள் கையில்தான் இருந்தது. அல்லாஹ்வே, கையில்தான் இருந்தது!

"போடாதே! சுமைரா, போடாதே!"

மாடி ஜன்னலிலிருந்து அந்தக் கார்வை தெரு முழுக்கக் கொட்டிக்கொண்டிருந்தது. தன் குரல் தனக்கே கேட்கவில்லை அவருக்கு. நெஞ்சு வெடிக்கக் கத்தினார், கையை ஆட்டினார், ஓடினார்.

சுமைரா திரும்பினாள். அத்தா கையை வீசிக்கொண்டு, வாய் மட்டும் அசைய ஓடி வருவதைப் பார்த்தாள். இம்புட்டு நேரம் போடாமல் நின்றதற்குத் திட்டுகிறார் என்று நினைத்துவிட்டாள் பிள்ளை. இதோ, இதோ என்று அவசரமாகத் தலையாட்டிவிட்டு, கையை ஓங்கிப் பொட்டலத்தை நெருப்புக்குள் வீசினாள்.