வெள்ளி இலை ஆவாரை

1961இல் சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசு ஆலையின் பின்னால் பேராசிரியர் சத்தியநாதன் வெள்ளி இலை ஆவாரையைக் கண்டெடுத்தார். காசியா பேரினத்தில் புதிய இனமென்று தம் பெயரையே சூட்டி, விருதுநகர்ப் பள்ளியில் தாவரவியல் நடத்தும் இசபெல்லிடம் கிளையை நீட்டினார்.

இசபெல்லுக்குச் சிரிப்பு முட்டியது. பத்து மகரந்தத் தாள்கள், அவற்றில் மூன்று மலடு. இலையடியில் காது போன்ற செதில். எல்லாம் ரோட்டோர ஆவாரையேதான். ஈரத் துணியால் ஓர் இலையைத் துடைத்தாள். பச்சை தெரிந்தது, துணியில் அலுமினியப் பொடி மின்னியது.

“வெடி ஆபீசுல இருந்து பறந்து வந்த பொடி, சார். ஒரு மழை பேஞ்சா உங்க இனம் பூண்டோட அழிஞ்சிரும்.”

“மாதிரியைக் கெடுத்துட்டீகளே” என்று சிடுசிடுத்த பேராசிரியர், மிச்ச இலைகளில் ஈரம் படாமல் காகிதத்தில் பொதிந்துகொண்டு பஸ் ஏறினார்.

இதற்கு எத்தனை பட்டம் வாங்கினாரோ என்று நினைத்தபடி இசபெல் வகுப்புக்குப் போனாள்.