தலைமாற்றி வைத்த குச்சிகள்

கொய்யா மரத்தின் கழுத்தை நெரித்தது யார் என்று யாரும் விசாரிக்கவில்லை. கொடிக்கம்பி தையல்காரியுடையது. முடிச்சும் அவள் கை முடிச்சுதான். அந்த வீட்டில் வேறு யாருக்கும் அவ்வளவு இறுக்கிக் கட்ட வராது. துணி காயப்போட எப்போதோ அடிமரத்தில் சுற்றியவள் அப்படியே மறந்துபோனாள். மரம் பருத்தது. கம்பி பருக்குமா? பட்டைக்குள் இறங்கிச் சுற்றிலும் அறுத்துவிட்டது. இலையெல்லாம் பழுத்துத் தொங்கிய பிறகுதான் குனிந்து பார்த்தார்கள்.

மரம் அவளுடையதாக இருந்தாலாவது பரவாயில்லை. மாடியில் குடியிருக்கும் ஓரகத்தி, அதாவது கொழுந்தன் மனைவி, நட்டு வளர்த்தது. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். வேலை முடிந்து எந்நேரம் வந்தாலும் அந்த நிழலில் கொஞ்சம் உட்கார்ந்துவிட்டுத்தான் படியேறுவாள்.

"நல்லவேளைக்கா, நீங்க எங்க வார்டுல இல்ல. கட்டுப் போட்டே ஆளை முடிச்சிருப்பீங்க."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சொல்லிவிட்டு மரத்தை ஒரு தடவு தடவினாள் பாருங்கள், அதைத்தான் தையல்காரியால் தாங்க முடியவில்லை. திட்டியிருந்தால் திருப்பி நாலு திட்டு திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பாள். இனி இந்த மரம் பிழைத்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும்.

செடிக்கடைக்காரரை அழைத்து வந்தாள்.

"இலை சமைக்கிறது வேருக்கு இறங்க வழியில்லம்மா," என்றார் அவர். "இதே மரத்துக் குச்சிகளைச் சீவி, ஒரு முனையைக் காயத்துக்குக் கீழ்ப் பட்டையிலயும் மறு முனையை மேல் பட்டையிலயும் செருகி ஒட்டுக் கட்டுங்க. பாலம் மாதிரி. எதுக்கும் இருக்கட்டும்னு ஒரு கிளையில பதியமும் போட்டு வைங்க. மரம் போனாலும் வாரிசு மிஞ்சும்."

பதியம் நர்ஸின் பொறுப்பு. கிளையில் மோதிரம்போல் பட்டையை உரித்து, ஈர நாரை வைத்து, பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக் கட்டினாள்.

"ஊசியும் போட்டுடுங்க டாக்டரம்மா," என்றாள் தையல்காரி கீழேயிருந்து.

"அது உங்க தொழில்க்கா."

ஒட்டு வேலையைத் தையல்காரி யாரிடமும் விடவில்லை. நாலு குச்சிகளையும் அவ்வளவு நறுவிசாகச் சீவி, செருகி, நாடாவால் கட்டி, மெழுகு பூசினாள். தினமும் எழுந்ததும் முகம்கூடக் கழுவாமல் போய்ப் பார்ப்பாள்.

இரண்டு குச்சிகளில் மொட்டு உப்பியது. மற்ற இரண்டும் சுருங்கிக் கறுத்தன. மரமும் தெளியவில்லை. பயந்துபோய்ச் செடிக்கடைக்காரரை மறுபடி இழுத்து வந்தாள். அவர் உட்கார்ந்து பார்த்தார். பிறகு அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"ஏம்மா, இது ரெண்டும் தலைகீழா இருக்கே?"

"ஆமா, வேணும்னுதான் மாத்தி வச்சேன். ஒரு பக்கம் தடிமன், ஒரு பக்கம் ஒடுக்கம். தலைமாத்தி வச்சாத்தானே பக்கத்துல பக்கத்துல பாந்தமா உட்காரும்? ரவிக்கைக்குக் கை வெட்டும்போது அப்படித்தான் வைப்போம். துணி மிச்சமாகும்."

நர்ஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "அக்கா! மரத்துலயுமா துணி மிச்சம் பிடிப்பீங்க?"

"குச்சிக்கு அடி எப்பவும் அடிதாம்மா," என்றார் செடிக்கடைக்காரர், சிரிப்பை அடக்கிக்கொண்டு. "மாத்திக் கட்டுங்க. இன்னும் காலம் போயிடல."

தையல்காரி சிரிக்கவில்லை. புதிதாக இரண்டு குச்சிகள் வெட்டி, ஒவ்வொன்றின் மேல்முனையிலும் சாக்பீஸால் கோடு போட்டாள். செருகுமுன் குச்சியை நீட்டி, "இது மேலதானே? நல்லாப் பாத்துச் சொல்லு," என்றாள். நர்ஸ் கிண்டலை விட்டுவிட்டு, "மேலதான்க்கா," என்றாள். பக்கத்தில் குந்தி, கட்டி முடிக்கும்வரை நாடாவைப் பிடித்துக்கொண்டாள்.

மழை வந்து போனது. ஒரு காலை, வேலையிலிருந்து வந்த நர்ஸ் வாசலிலிருந்தே கத்தினாள். நுனிக்கிளையில் செம்பு நிறத்தில் கொழுந்து. நாலு குச்சிகளும் விரல் பருமனுக்குத் தடித்திருந்தன. தையல்காரி அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டாள்.

பதியமும் சும்மா இருக்கவில்லை. தாளுக்குள் வெள்ளை வெள்ளையாக வேர். நர்ஸ் கிளையை அறுத்து இறக்கிக் கொண்டுவந்து நீட்டினாள்.

"இது உங்களுக்கு. முன்பக்கம் நடுங்க."

"எனக்கெதுக்கும்மா? என் கை ராசிதான் ஊருக்கே தெரியுமே."

"சும்மா பிகு பண்ணாதீங்க. குழி வெட்டுங்க."

வெட்டினாள். வெட்டிக்கொண்டே போனாள். நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

"இவ்வளவூண்டு செடிக்கு இவ்வளவு பெரிய குழியாக்கா?"

"வளர்ற உடம்பு," என்றாள் தையல்காரி, மண்வெட்டியை நிறுத்தாமல். "கொஞ்சம் தாராளமா விட்டாத்தான் பின்னால இறுக்கிப் பிடிக்காது."