பார்க்காத பக்கம்

திரௌபதி கஞ்சியை ஆற்றி அப்பாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தபோது, தபால்காரர் வாசலில் ஒரு நீலக் கடிதத்தைப் போட்டுவிட்டுப் போனார். சைக்கிள் மணி கேட்டதுமே அப்பா தேசப்பன் வாயை மூடிக்கொண்டார்.

“தம்பி லட்டரா?”

“கஞ்சிய குடிப்பா மொதல்ல.”

“படிம்மா.”

மரக்காணம் உப்பளத்தில் மேஸ்திரியாக இருந்து, வெயிலில் வெள்ளைப் பாத்திகளைப் பார்த்துப் பார்த்து அவருக்குக் கண் போயிருந்தது. இப்போது நெஞ்சிலும் நீர் கோத்துவிட்டது. இன்றோ நாளையோ என்று டாக்டர் சொல்லி இரண்டு நாளாகிறது.

தம்பி தேவநாதன் ஜெனீவாவில் இருந்தான். புரோட்டான்களை எதிரெதிராக ஓடவிட்டு மோதவைத்து, சிதறுவதில் புதிய துகள் ஏதாவது இருக்கிறதா என்று தேடும் வேலை. அதை அப்பாவுக்கு விளங்கவைத்தவள் திரௌபதிதான். பதினோராம் வகுப்பில் கணக்கில் அவளுக்குத் தொண்ணூற்றேழு; அடுத்த வருடம் அவனுக்கு எண்பத்திரண்டு. ஒருவரைத்தான் காலேஜுக்கு அனுப்ப முடியும் என்றார் அப்பா. அவன் பாண்டிச்சேரிக்குப் போனான். அவள் உப்பு வாரப் போனாள்.

கடிதத்தில் 1974 டிசம்பர் தேதியிட்டிருந்தது. முதலில் மனசுக்குள் படித்தாள். உள்ளே ஏதோ இனித்தது. வெட்கமாகவும் இருந்தது. ஆனாலும் ஒரு வரி விடாமல் உரக்கப் படித்தாள்.

“‘போன மாதம் அமெரிக்காவில் இரண்டு குழுக்கள் புதிய துகளைக் கண்டுபிடித்துவிட்டன. எங்கள் மோதல்களிலும் அது வந்திருக்க வேண்டும், அப்பா. மூன்று வருடமாக வந்துகொண்டே இருந்திருக்கும். நாங்கள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம்.’”

கடைசி வரியை அவள் இரண்டு தரம் படித்தாள்.

தேசப்பனின் கண்களிலிருந்து நீர் வழிந்தது. அவளுடைய கல்யாணம் நின்றுபோனபோதுகூட அவர் அழுததில்லை.

“புள்ள சாப்ட்டானோ இல்லியோ,” என்றார். “எழுதும்மா. நான் சொல்றதா எழுது. தம்பி, மனச விட்டுடாத. உங்கப்பன் எப்பவும்...”

அவர் சொன்னதுவரை தாளில் எழுதிவிட்டு, பேனாவோடு காத்திருந்தாள்.

“எப்பவும்?” என்று கேட்டாள். பிறகு அவர் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள்.

மதியம் பாடை கட்டும்போது எல்லாரும் தேவநாதனையே கேட்டார்கள். தந்தி கொடுத்தாயிற்று, வந்து சேர முடியாது என்று பெரியப்பா மகன் சிங்காரம் சொல்லிக்கொண்டிருந்தான். கொள்ளிச்சட்டி அவன்தான் தூக்கினான். அடுத்த வீட்டு மங்கம்மா திரௌபதியைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

“கடைசியா என்னா சொன்னாரும்மா?”

“தம்பியத்தான் சொன்னாரு.”

“பாத்தியா, புள்ள மேலயே உசுரு அவருக்கு.”

திரௌபதி தோளிலிருந்த கையை மெல்ல எடுத்துவிட்டாள்.

உடலைக் கொண்டுபோனதும் தலைக்கு ஊற்றிக்கொண்டு, ஈரத்தோடு வந்து, பாதியில் நின்ற பதில் கடிதத்தின் முன் உட்கார்ந்தாள். அப்பாவின் வாக்கியம் ‘எப்பவும்’ என்பதோடு நின்றிருந்தது. அதை எப்படி முடித்திருப்பார் என்று அவளுக்குத் தெரியும். பேனாவை அங்கே வைத்து, எடுத்துவிட்டாள்.

கீழே எழுதினாள்: ‘அப்பா இன்று காலை பத்தரைக்கு இறந்தார். இதற்கு மேல் சொல்லவில்லை.’

சற்று இடம் விட்டு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகத் தன் பேச்சாக எழுதினாள்: ‘தேவநாதா, கருவியை எந்தக் கோணத்தில் வைத்திருந்தீர்கள்? அமெரிக்காக்காரர்கள் அதன் எடையை எப்படிக் கணக்கிட்டார்கள்? வழியை முழுசாக எழுது. நான் போட்டுப் பார்க்கிறேன்.’

கூந்தலிலிருந்து ஒரு சொட்டு விழுந்து, ‘கோணத்தில்’ என்ற சொல் கரைந்து பரவியது. ஊதிக் காயவைத்துவிட்டு, அதன் மேலேயே அந்தச் சொல்லை மறுபடி தெளிவாக எழுதினாள்.