உள்பக்கம் திரும்பிய எண்

உத்தமண்ணாவின் ஜீப் என் கடை வாசலில் வந்து நின்றபோது அடுகோடியில் தூறல் பிடித்திருந்தது. இடது பக்கத் தகட்டைத் தட்டி நேராக்கியிருந்தார்கள். பெயிண்ட் அடிக்கவில்லை. போன ஆகஸ்டில் அந்தப் பக்கத்துச் சீட்டில்தான் அவர் மனைவி பியாட்ரிஸ் உட்கார்ந்திருந்தார். ஓசூர் ரோட்டில், மழையில், ஜீப்பின் பின்பக்கம் வழுக்கித் திரும்பி மின்கம்பத்தில் மோதியது.

பின்சக்கரங்களுக்கு டயர் போட்டவன் நான்.

ஜீப்புக்குப் பின்னாலேயே ஆட்டோவில் வந்து இறங்கினாள் அவர் மகள் சோஃபியா. வைட்ஃபீல்டில் வேலை. அப்பா ஓட்டும் வண்டியில் அவள் ஏறுவதில்லை என்பது சந்தாபுராவில் அவர்கள் தெருவுக்கே தெரியும்.

"என்னா மதி, மழை வந்தா உனக்குப் பண்டிகைதான்," என்றார் உத்தமண்ணா. அவரே சிரித்துக்கொண்டார்.

"டயரை நான் பாக்குறேன் அங்கிள்," என்றாள் சோஃபியா. "இவரை விட்டா மறுபடியும் ட்ராக்டருக்குப் போடுறதைப் போட்டுக்கினு வந்துடுவாரு."

"போர்வெல் மோட்டார் ரிப்பேருக்குப் போறவன்மா நான். ஆனேக்கல் தோட்டத்துல சேறு முட்டி வரைக்கும் நிக்கும். உன் ஆபீஸ் வாசலா அது?"

"அம்மா தார் ரோட்லதான் செத்தாங்க."



நான் டயர்களை எடுத்துக் காட்டினேன். "இந்தப் பட்டன் டயர்ல கட்டை கட்டையா ரப்பர் இருக்கு பாரு, இது சேத்தைக் கடிக்கும். ஆனா தார்ல கட்டையோட தலை மட்டும்தான் தொடும். ஈரத்துல பிடிக்காது. மழைக்குன்னா நீளமாப் பள்ளம் வேணும், தண்ணி வெளிய ஓடணும். ரெண்டுக்கும் நடுவுல இது ஒண்ணு இருக்கு. சேத்துல கொஞ்சம் திணறும், ரோட்ல காப்பாத்தும். நாலும் ஒரே மாதிரி போடணும்."

"இதைப் போன வருஷம் சொன்னீங்களா?"

எனக்கு முன்னால் அவர் பேசிவிட்டார். "மதி போட்டதுல தப்பு இல்லம்மா. பட்டன்கூடத் தேயலைன்னு ஆக்சிடென்ட்டுக்கு அப்புறம் வண்டியைச் சோதிச்சவங்களே எழுதிட்டாங்க. நாப்பதுல வந்தேன்னு நெனைச்சேன். அறுபதுல வந்திருப்பேன்."

முதலில் நாற்பது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். மகள் நம்பவில்லை. கேஸ் போட்ட போலீஸ் நம்பவில்லை. பத்து மாதத்தில் அவரும் நம்புவதை விட்டுவிட்டார். அடுத்த வாரம் கோர்ட்டில், வேகமாகத்தான் வந்தேன் என்று ஒப்புக்கொள்ளப் போவதாகச் சொன்னார்.

என் ஃபிட்டர் தாஸ் பின்சக்கரத்தைக் கழற்றி, ரிம்மிலிருந்து டயரைப் பிரித்து, என் பக்கம் உருட்டினான். பழைய டயரைக் குவியலில் எறிவது வழக்கம். உருளும்போது, வண்டிக்கு அடியைப் பார்த்திருந்த அதன் உள்பக்கம் தெரிந்தது.

டயர் எந்த வாரம், எந்த வருஷம் செய்தது என்பது ஒரு பக்கத்தில் மட்டும் நாலு எண்ணாக அச்சாகியிருக்கும். கடையில் கிடந்து பழசான டயரை மாட்டும்போது அந்தப் பக்கத்தை உள்ளே தள்ளிவிடுவோம். யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, கை தானாகச் செய்யும். அந்த இரண்டு பட்டன் டயர்களும் வாங்க ஆளில்லாமல் ஏழெட்டு வருஷம் என் கடையில் வெயில் தின்றவை. ரப்பர் இறுகி, நகம் வைத்தால் இறங்காது.

குவியல் இரண்டடி தூரத்தில் இருந்தது. ஒரு உதை போதும்.

டயரைப் பிடித்து நிறுத்தினேன். சேற்றைத் துடைத்தேன். "சோஃபியா, இதைப் படி."

"மூணு ரெண்டு ஒண்ணு ஆறு."

"ரெண்டாயிரத்துப் பதினாறு, முப்பத்திரண்டாவது வாரம். உங்கப்பாவுக்கு வித்தது போன வருஷம். புதுசுன்னு சொல்லித்தான் வித்தேன். பட்டன் அப்படியே இருக்கும், ரப்பர் செத்துப்போயிருக்கும். ஈரத்துல நாப்பதுலயே விட்டுடும்."

தாஸ் ஸ்பேனரைக் கீழே வைத்தான்.

உத்தமண்ணா குந்தி உட்கார்ந்து அந்த எண்ணைக் கட்டைவிரலால் தேய்த்தார். தேய்த்துக்கொண்டே இருந்தார். "பியாட்ரிஸோட சவப்பெட்டியை என்கூடச் சேர்ந்து தூக்கினியே மதி."

"ஆமாண்ணா."

சோஃபியா போனில் எண்ணைப் படமெடுத்தாள். "கோர்ட்ல வந்து சொல்வீங்களா?"

"சொல்றேன்."

"இப்பவே எழுதிக் குடுங்க."

பில் புத்தகத்தில் ஒரு தாளைக் கிழித்து எழுதிக் கையெழுத்துப் போட்டேன். இரண்டு முறை படித்துவிட்டு மடித்து வைத்துக்கொண்டாள்.

"அப்போ டயரு?" என்றான் தாஸ்.

"இங்க வேணாம்," என்றார் உத்தமண்ணா.

அவர் தெருவைக் கடந்து எதிர்க் கடைக்குப் போனார். அந்தக் கடை ஆட்கள் வந்து ரிம்களை உருட்டிப்போய், நான் நடுவகை என்று காட்டிய அதே டயரை ஏற்றி, மழையில் திரும்ப உருட்டி வந்தார்கள். ஒவ்வொன்றையும் நிறுத்தி எண்ணைப் படித்த பிறகே சோஃபியா விட்டாள். "நம்பர் வெளிய தெரியணும்," என்றாள். என் ஜாக்கிலும் என் மரக்கட்டைகளிலும் நின்ற வண்டிக்கு வேறு கடைக்காரர்கள் சக்கரம் மாட்டினார்கள். பழைய பட்டன் டயர் இரண்டையும் ஜீப்பின் பின்னால் ஏற்றிக்கொண்டார்கள்.

நான் ஜாக்கை இறக்கினேன்.

சோஃபியா ஆட்டோ தேடவில்லை. தட்டி நேராக்கிய கதவு முதல் இழுப்பில் வரவில்லை, இரண்டாவதில் திறந்தது. அம்மா உட்கார்ந்த சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நாப்பதுல போங்க டாடி."

அவர் அதைவிட மெதுவாகத்தான் போனார்.