சபையில் சோதிக்கலாம்

1

இந்தக் கதை எரிச்சலில் பிறந்தது. எங்கள் ஊராட்சி அலுவலகச் சுவரில் ‘பொதுமக்கள் கூட்டத்தில் கேள்வி கேட்கலாம்’ என்று கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள். போன மாதம் கேட்கப் போனேன். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தட்டினேன். கூட்டம் நடக்கிறது, முடிந்த பிறகு வாருங்கள் என்றார்கள். முடிந்த பிறகு போனேன். கூட்டம்தான் முடிந்துவிட்டதே, இனி யாரிடம் கேட்பீர்கள் என்றார்கள்.

வீட்டுக்கு வந்து பேனாவை எடுத்தேன். உயிரோடிருக்கும் தலைவரைப் பற்றி எழுதினால் வழக்குப் போடுவார். ஆகவே கதையை மகாராஜா காலத்துக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளுக்குத் தள்ளிவிட்டேன். செத்தவர்கள் வக்கீல் வைப்பதில்லை. ஊர் கொல்லமாவிளை. புதுக்கடையைத் தாண்டிப் போனால் வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வரைபடத்தில் தேட வேண்டாம், கிடையாது.

2

முதல் தொடக்கம்: ‘கீழ்வானம் சிவக்க, தென்னங்கீற்றுகளினூடே இளங்காற்று தவழ்ந்து வர, கொல்லமாவிளை மெல்லக் கண்

(சீ! நாற்றம் பிடித்த ஊருக்கு இளங்காற்று ஒரு கேடா? அடித்துவிட்டேன்.)

இரண்டாம் தொடக்கம்: ‘தேவகனி ஒரு விதவை. அவளுக்கு

(இதுவும் வேண்டாம். ஒரு பெண் ஊர்ச் சபைக்குப் போய் வாய் திறக்க வேண்டுமானால் முதலில் அவள் புருஷனைக் கொன்றுவிட வேண்டும் என்று கதைக்காரர்களுக்கு எந்தப் புண்ணியவான் சொல்லிக்கொடுத்தானோ! புருஷன் ரசலையன் உயிரோடுதான் இருக்கிறார். நன்றாகச் சாப்பிடுகிறார். சபை விஷயத்தில் மட்டும் வாய் திறக்கமாட்டார்.)

மூன்றாவது நிற்கும் என்று நம்புகிறேன்:

தேவகனி அவித்துக் கொண்டுவந்த புட்டை வழக்கம்போல் வாங்கி வைக்காமல், சாயாக்கடை ஜலாலுதீன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

“தேவகனி, கோவப்படாதே. ஒனக்க புட்டு நாறுது.”

“எனக்க புட்டா? ஒம்ம மூக்க யாருகிட்டயாவது காட்டும் சாய்பே.”

“மூக்குக்கு ஒண்ணுமில்ல. நீயே தின்னு பாரு.”

தின்று பார்த்தாள். நாறத்தான் செய்தது. மாவு நல்ல மாவு. தேங்காய் அன்றைக்கு உடைத்தது. தண்ணீர்தான் கெட்டுப்போயிருந்தது. அவள் தெருவுக்கு இருந்ததோ ஒரே கிணறு. அதன் பக்கத்துப் புறம்போக்கில் குழி வெட்டி, கயிறு திரிப்பதற்காகக் கதம்பையை, அதாவது தேங்காய் உரிமட்டையை, ஊறப்போட்டு அழுகவைத்தார்கள். அழுகல் தண்ணீர் மண்ணுக்குள் இறங்கிக் கிணற்றுக்கு வந்துவிட்டது.

குழி, சபைத் தலைவர் ஞானசிங்குடைய மைத்துனரின் பெயரில் குத்தகை. மைத்துனருக்குக் கதம்பை எது கருப்பட்டி எது என்று தெரியாது. கையெழுத்துப் போடத் தெரியும், அது போதாதா? அடுத்த கூட்டத்தில் அந்தக் குத்தகையை இன்னும் ஐந்து வருஷத்துக்கு நீட்டப் போகிறார்கள் என்று ஊரில் பேச்சு. நீட்டினால் கிணறு போச்சு. கிணறு போனால் தேவகனியின் பிழைப்பும் போச்சு.

3

ஊர்வாசி ஒருவர் சபையில் கேள்வி கேட்பது எப்படி? இதைப் பற்றி ஒரு கட்டுரையே எழுத உத்தேசித்திருந்தேன். ஆனால் சபைக் குமஸ்தா செல்வதாஸ் என்னைவிட நன்றாகச் சொல்கிறார். தேவகனி அவர் மேசைமுன் நின்று கேட்டபோது அவர் சொன்னதை அப்படியே தருகிறேன்.

“கேக்கலாம் அக்கா, யாரு வேண்டாம்னு சொன்னா? எழுதிக் குடுக்கணும். முன்கூட்டியே குடுக்கணும்.”

“சரி, எழுதித் தாறேன்.”

“கேள்வி கேள்வியாட்டு இருக்கணும். கோவம் இருந்தா அது புகார். புகாருக்குத் தனிப் பெட்டி உண்டு.”

“பெட்டி எங்க?”

“இந்தா இருக்கு. தாக்கோலு தலைவருக்க வீட்டில. அவருதான் பூட்டத் தொறப்பாரு.”

“தலைவரப் பத்திக் கேக்கலாமா?”

“தாராளமா! ஆனா கேள்விய எடுக்கணுமா வேண்டாமான்னு தலைவருதான் சொல்லுவாரு.”

(இதில் சிரிக்க ஒன்றுமில்லை. செல்வதாஸ் இதை மனமார நம்பினார். இத்தனை நேர்த்தியான ஏற்பாட்டில் மனுஷனுக்கு என்ன குறை என்று அவருக்கு விளங்கவேயில்லை.)

தேவகனி வெளியே வந்தாள். வாசலில் அறிவிப்புப் பலகை. மிஷன் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டப் படித்தவள், கூட்டி வாசித்தாள்: ‘வீட்டுவரி கட்டும் ஊர்வாசிகள் சபைக் கூட்டத்துக்கு வந்து சோதிக்கலாம். ஒப்பு: ஞானசிங், தலைவர்.’

(இந்தக் குறிப்பைத் தாண்டிப் போகாதீர்கள். அன்றைக்கு இந்தப் பக்கமெல்லாம் மலையாள மகாராஜாவின் ஆட்சி. உத்தரவு மேலிடத்திலிருந்து மலையாளத்தில் வந்தது. மலையாளத்தில் ‘சோதிக்க’ என்றால் கேட்க. மொழிபெயர்க்கச் சோம்பல்பட்ட செல்வதாஸ் அந்தச் சொல்லைத் தமிழெழுத்தில் இறக்கி, வாலை மட்டும் மாற்றினார். கொல்லமாவிளை போன்ற மேற்குப் பக்கத்து ஊர்க்காரர்கள் பேச்சிலும் அது அப்படியே புழங்குவதால் யாருக்கும் உறுத்தவில்லை. தேவகனியோ கிழக்கே முட்டத்துப் பக்கம் பிறந்து இங்கே வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குச் ‘சோதிக்க’ என்றால் ஆஸ்பத்திரியில் டாக்டர் நாக்கை நீட்டச் சொல்வது, இல்லாவிட்டால் சாத்தான் செய்வது.)

“ஓகோ! சோதிக்கலாமா?” என்றாள். அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கேட்பதற்குத்தானே காகிதமும் பெட்டியும்? சோதிப்பதற்கு ஒன்றுமே சொல்லவில்லையே!

4

கூட்டத்தன்று இடுப்பில் குடமும், கூடையில் ஜலாலுதீனிடம் இரவல் வாங்கிய சாயாக் கிளாஸ்களுமாகத் தேவகனி உள்ளே நுழைந்தாள். அங்கத்தினர்களில் ஒருவர் பல் குத்திக்கொண்டிருந்தார். இன்னொருவர் வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஞாயிறு ஆராதனையில் முதல் பெஞ்சில் உட்காரும் ஞானசிங், இங்கே முதல் நாற்காலியில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

“குத்தகை நீட்டிப்பு. ஆட்சேபம் ஒண்ணும் இல்லல்லா?”

“இருக்கு” என்றாள் தேவகனி.

“யாரு அது? கேள்வி எழுதிக் குடுத்தியா?”

“கேக்க வரல்ல ஐயா. சோதிக்க வந்தேன்.”

“என்னத்த?”

“சபைய. பலகையில போட்டிருக்கே. கீழ ஒங்க ஒப்பும் இருக்கு.”

அவள் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு கிளாஸை வைத்துத் தண்ணீர் ஊற்றினாள். தூங்கிக்கொண்டிருந்தவர் நாற்றத்தில் விழித்துக்கொண்டார். சபையின் சரித்திரத்தில் அவர் கூட்டத்தின் நடுவே விழித்தது அதுதான் முதல் தடவை.

“எங்க தெருக் கிணத்துத் தண்ணி. எங்க பிள்ளைங்க குடிக்கது. குடிச்சிட்டு ஒப்பு போடுங்க.”

ஞானசிங் செல்வதாஸைப் பார்த்தார். செல்வதாஸ் கூரையைப் பார்த்தார்.

5

முடிவு ஒன்று: ஞானசிங் குடிக்கிறார். குமட்டுகிறது. கண்கள் கலங்க, குத்தகைக் காகிதத்தைக் கிழித்துப் போடுகிறார்.

(கைதட்டுகிறீர்களாக்கும்! தலைவர்கள் ஒரு மடக்குத் தண்ணீரில் திருந்துவார்கள் என்றால் நாடு முழுக்கத் தண்ணீர்ப்பந்தல் போட்டிருக்கலாமே.)

முடிவு இரண்டு: காவலாளி அவளைப் பிடித்துத் தள்ள, குடம் விழுந்து சுக்குநூறாக உடைந்து, சிந்திய நீரில் அந்திச் சூரியன்

(போதும். குடம் பித்தளை. உடையாது.)

உண்மையில் தலைவர் சிரித்தார். அப்படிப்பட்டவர்கள் சிரிப்பார்கள், அதுதான் எனக்கு ஆத்திரம்.

“செல்வதாஸ், பலகையத் திருத்தும். ‘கேட்கலாம்’னு எழுதும்.”

செல்வதாஸ் ஓடிப்போய் எழுதிவிட்டுக் கையிலிருந்த சுண்ணக்கட்டித் தூளைத் தட்டிக்கொண்டே வந்தார்.

“இப்பம் போய்ப் பாரு தேவகனி. கேக்கலாம்னுதான் இருக்கு. எழுதிக் குடுத்திட்டு அடுத்த கூட்டத்துக்கு வா” என்று சொல்லி ஞானசிங் காகிதத்தின் மேல் குனிந்தார்.

கதை முடிந்ததென்றே நானும் நினைத்தேன். ‘தேவகனி தலைகுனிந்து வாசலை நோக்கி’ என்றுகூட எழுதிவிட்டேன். அவள் நகரவில்லை.

“அது இனி வாறவங்களுக்கு” என்றாள். “நான் வந்தப்பம் சோதிக்கலாம்னுதான் இருந்துது. குடியுங்க.”

பல் குத்தியவர் குச்சியைக் கீழே போட்டார். விழித்தவர் தம் முன்னாலிருந்த கிளாஸை விரலால் மெல்லத் தள்ளிவிட்டார். “தலைவரு மொதல்ல குடிக்கட்டும். பின்ன நான் ஒப்பு போடுதேன்” என்றார்.

இப்போது ஞானசிங்கின் ஒரு கையில் பேனா. மற்றக் கைக்கு எட்டும் தூரத்தில் கிளாஸ். அவர் சிரிப்பு நின்றுவிட்டது.

6

இதற்குமேல் எழுதமாட்டேன். அவர் எந்தக் கையை அசைப்பார் என்று எனக்குத் தெரிந்தால் நான் ஏன் இன்றைக்கும் தாழிட்ட கதவைத் தட்டிக்கொண்டு நிற்கிறேன்?

முடிவு என்ன என்று என்னிடம் கேட்பதானால் எழுதிக் கொடுங்கள். முன்கூட்டியே கொடுங்கள். கோபம் இருக்கக் கூடாது. பெட்டியின் தாக்கோல் என்னிடம்தான் இருக்கிறது.

கேட்க வேண்டாம் என்றால் இன்னொன்று செய்யலாம். இவ்வளவு நேரமும் பார்வையாளர் பெஞ்சில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தீர்களே, உங்கள் முன்னாலும் அவள் ஒரு கிளாஸ் வைத்திருக்கிறாள். மூக்கைப் பொத்தாதீர்கள். ஒரு தெரு முழுக்க அதைத்தான் குடிக்கிறது. எடுங்கள். பலகையை அழித்து எழுதியது, அதற்கு முன்பே உள்ளே வந்தவர்களுக்குச் செல்லாது. நீங்கள் வந்தபோதும் தலைப்பில் சோதிக்கலாம் என்றுதான் இருந்தது.